ஒரே விண்டோஸை 30 மெஷினில் போடலாமா? லைசென்ஸ், கீ, இமேஜ்: முழு விவாதம்

லேப்_பொறுப்பாளர்

கம்ப்யூட்டர் பயிற்சி மையம் ஒன்றுக்கான கேள்வி. மொத்தம் 30 மெஷின். விவரம்:

அ) 12 பிராண்டட் லேப்டாப். விண்டோஸ் 11 ஹோம் கம்பெனியிலேயே போட்டு வந்தவை.
ஆ) 10 பிராண்டட் டெஸ்க்டாப். விண்டோஸ் 10 ப்ரோ ஓஇஎம், அதாவது மெஷின் தயாரிப்பாளர் போட்டுத் தரும் லைசென்ஸ். இதில் 6 மெஷின் இன்டெல் 8ஆம் தலைமுறை, மீதி 4 மெஷின் 6ஆம் தலைமுறை.
இ) 8 அசெம்பிள்டு. ஓஎஸ் இல்லாமல் வாங்கியவை.

கையில் விண்டோஸ் 11 ப்ரோ ரீடெய்ல் பாக்ஸ் ஒன்று இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஒரு மெஷினில் டேலி, பிரவுசர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போட்டு இமேஜ் (டிஸ்கின் முழு நகல்) எடுத்து, 30 மெஷினிலும் இறக்கலாம் என்று திட்டம். அந்த ஒரு கீயை எத்தனை மெஷினில் போடலாம்? இமேஜ் இறக்கினால் ஆக்டிவேஷன் என்ன ஆகும்? விண்டோஸ் 11 ஏற்காத பழைய 4 மெஷினுக்கு (6ஆம் தலைமுறை) வழி உண்டா?

பூட்லோடர்

முதல் கேள்விக்கு: ஒரே ஒரு மெஷினில்தான். ரீடெய்ல் லைசென்ஸில் ஒரு சலுகை உண்டு. பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே இருக்கலாம். இரண்டு மெஷின் மாறி மாறித்தான் ஓடுகிறது என்றாலும் செல்லாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டாலும் ஒரு லைசென்ஸ் போய்விடும்.

ஓஇஎம் வேறு மாதிரி. மெஷினோடு வந்தது, மெஷினோடு போகும். லேப்டாப் செத்தால் லைசென்ஸும் செத்தது, அதைக் கழற்றி அசெம்பிள்டு மெஷினில் ஒட்ட முடியாது. ஹார்ட் டிஸ்க், ரேம், பவர் சப்ளை எதை மாற்றினாலும் பாதிப்பில்லை. மதர்போர்டு மட்டும் விதிவிலக்கு: பழுதானதற்குப் பதிலாக வாரண்டியில் மாற்றினால் அதே மெஷின்தான், வேகம் வேண்டும் என்று மாற்றினால் சட்டப்படி அது புது மெஷின்.

இமேஜ் கேள்வி பெரியது. அதற்கு முன்னால் உங்கள் 30 மெஷினிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கீழே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பி எண்ணிக்கை போட வேண்டாம்.

விசைப்பலகை

பார்க்கும் முறை இது. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து மூன்று கட்டளை:

எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ — எந்தச் சேனல் லைசென்ஸ் (எந்த வழியில் விற்றது) என்று காட்டும்.
எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர் — நிரந்தர ஆக்டிவேஷனா, தேதி போட்டதா என்று சொல்லும்.
எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி — முழு விவரம், கேஎம்எஸ் சர்வர் (ஒரு நிறுவனம் தன் மெஷின்களைத் தானே ஆக்டிவேட் செய்ய வைத்திருப்பது) பெயர் உட்பட.

முதல் கட்டளையில் விவரிப்பு வரியைப் படியுங்கள். "ஓஇஎம்_டிஎம்" என்றால் கீ மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்கள் இப்படித்தான் வருகின்றன, பயாஸில் எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் அந்த மெஷினுக்கே உரிய கீ எழுதியிருக்கும். "வால்யூம்_எம்ஏகே", "வால்யூம்_கேஎம்எஸ்கிளையண்ட்" என்று வந்தால் யாரோ வால்யூம் கீ, அதாவது நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் லைசென்ஸின் கீ, போட்டிருக்கிறார்கள். எம்ஏகே என்பது எண்ணிக்கை வரம்போடு பல மெஷினில் போடும் ஒரே கீ. உங்களிடம் வால்யூம் ஒப்பந்தம் இல்லையென்றால் அது உங்களுடையது இல்லை.

"ரீடெய்ல்" என்று வந்து கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி என்று இருந்தால் அது ப்ரோவின் பொதுக் கீ. 8எச்விஎக்ஸ்7 என்றால் ஹோமின் பொதுக் கீ. உலகம் முழுக்க டிஜிட்டல் லைசென்ஸ் (மெஷினின் ஹார்டுவேரோடு மைக்ரோசாஃப்டிடம் பதிவான லைசென்ஸ்) உள்ள எல்லா மெஷினிலும் இதே எழுத்துகள்தான் வரும். "எல்லா மெஷினிலும் ஒரே கீ இருக்கிறது, யாரோ திருட்டுக் கீ போட்டுவிட்டார்கள்" என்று இதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த எழுத்துகளை வைத்து லைசென்ஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, பில்லைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கட்டளையில் தேதி வந்து, மூன்றாவதில் கேஎம்எஸ் மெஷின் பெயர் 127 என்று தொடங்கும் முகவரியாகவோ முன்பின் தெரியாத இணையத் தளமாகவோ இருந்தால் ஆக்டிவேட்டர் (திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் மென்பொருள்) ஓட்டியிருக்கிறார்கள். அந்த மெஷினைச் சுத்தமாக அழித்துப் போடுங்கள். லைசென்ஸ் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஆக்டிவேட்டருக்காக ஆன்டிவைரஸில் விலக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அது பயிற்சி மையத்துக்கே ஆபத்து.

பென்குயின்

விண்டோஸே ஏறாத மெஷினாக இருந்தால் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, டேபிள்ஸ் என்ற பாதையில் எம்எஸ்டிஎம் கோப்பு இருக்கிறதா பாருங்கள். கோப்பு இருந்தால் பயாஸ் கீ உண்டு. ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் கீயே தெரியும். டிஸ்க் இல்லாமல் விற்கும் பழைய மெஷின் வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

சிக்கனம்

இவ்வளவு சுற்று எதற்கு? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ விற்கிறார்கள். ஆக்டிவேட்டும் ஆகிறது. 8 அசெம்பிள்டுக்கும் அதையே போட்டுவிட்டுப் போகலாமே. மைக்ரோசாஃப்ட் சர்வரே ஏற்றுக்கொண்டபின் அது எப்படித் திருட்டாகும்?

பூட்லோடர்

இந்தக் குழப்பம்தான் எல்லா இடத்திலும். ஆக்டிவேஷன் சர்வர் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கீ தடை செய்யப்பட்டதா, எண்ணிக்கை தாண்டியதா. வாங்கியவர் யார், அவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று அது பார்ப்பதில்லை. பூட்டு திறந்தது என்பதற்காக வீடு உங்களுடையது ஆகிவிடுமா?

அந்த விலைக்கு வரும் கீகள் பெரும்பாலும் மூன்று வகை. ஏதோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே கீயைப் பலருக்குப் பிரித்து விற்பது ஒன்று. கழித்துப்போட்ட மெஷின்களின் ஓஇஎம் கீயை உரித்து விற்பது இரண்டாவது. கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்த கீ வெளியே கசிந்தது மூன்றாவது. மூன்றிலும் உங்கள் கையில் உரிமம் என்று எதுவும் வராது, 25 எழுத்து மட்டுமே வரும். மூலக் கீயைத் தடை செய்தால் அதே கீ போட்ட மெஷின்கள் ஆக்டிவேஷன் இழக்கலாம். மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது 0எக்ஸ்சி004சி020 என்று வந்தால் அந்த எம்ஏகே கீயின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கணக்குப்புள்ளை

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி. உரிமை மீறிய மென்பொருள் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும் மையம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் பொருளின் முழுப் பெயரும் எண்ணிக்கையும் இருக்கட்டும். "மென்பொருள் - 8" என்று மொட்டையாக எழுதிய பில்லை எதற்கும் காட்ட முடியாது.

லேப்_பொறுப்பாளர்

புரிந்தது. /டிஎல்ஐ ஓட்டிப் பார்த்ததில் 12 லேப்டாப்பும் ஓஇஎம்_டிஎம், ஹோம். 10 டெஸ்க்டாப்பில் 7 ஓஇஎம்_டிஎம், ப்ரோ. மீதி 3 என்டர்பிரைஸ் என்று காட்டுகிறது, வால்யூம்_கேஎம்எஸ்கிளையண்ட். அந்த மூன்றும் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை, மூன்றுமே 8ஆம் தலைமுறை. என்டர்பிரைஸ் என்றால் ப்ரோவை விட உயர்ந்தது இல்லையா, அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

விசைப்பலகை

வைத்துக்கொள்ள முடியாது. அது பழைய முதலாளியின் சட்டை. பெரிய கம்பெனிகள் ப்ரோ ஓஇஎம் உள்ள மெஷினை வாங்கி, அதன் மேல் தங்கள் ஒப்பந்தத்தில் என்டர்பிரைஸ் அப்கிரேடு போட்டுக்கொள்ளும். மெஷினைக் கழிக்கும்போது அடியில் இருக்கும் ப்ரோ மெஷினோடு வெளியே வரும். மேலே போட்ட என்டர்பிரைஸ் அந்தக் கம்பெனியிடமே நின்றுவிடும். கேஎம்எஸ் ஆக்டிவேஷனின் ஆயுள் 180 நாள். மெஷின் 7 நாளுக்கு ஒருமுறை தன் கம்பெனி சர்வரைத் தேடும், கிடைக்காது. 180 நாள் முடிந்ததும் 0எக்ஸ்சி004எஃப்074 என்ற பிழை, வால்பேப்பர் கறுப்பு, மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகம். கடையில் வாங்கும்போது சரியாகத்தான் இருந்தது என்று பலர் சண்டைக்குப் போவது இதனால்தான்.

தீர்வு சுலபம். எம்எஸ்டிஎம்மில் ப்ரோ கீ இருக்கிறதா பாருங்கள். பவர்ஷெல்லில் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் வகுப்பைக் கேட்டால் "ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புராடக்ட்கீ" என்ற புலத்தில் வரும். இருந்தால் ப்ரோவைப் புதிதாகப் போடுங்கள், நெட் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

போடும்போது ஒரு சிறு தொல்லை உண்டு. பயாஸில் கீ இருந்தால் இன்ஸ்டாலர் எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமல் அந்தக் கீக்கு ஏற்ற பதிப்பையே போடும். இந்த மூன்றுக்கு அது நல்லதுதான். ஆனால் ஹோம் லேப்டாப்பில் வாங்கிய ப்ரோவைப் போட நினைத்தால் பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் இஐ.சிஎஃப்ஜி என்ற சிறு கோப்பு வைக்க வேண்டும். பதிப்பு வரியைக் காலியாக விட்டு, சேனல் ரீடெய்ல், விஎல் 0 என்று எழுதினால் பதிப்புப் பட்டியல் திரையில் வரும்.

பூட்லோடர்

இப்போது இமேஜ். இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள், ஏனென்றால் தொழில்நுட்பம் விட்டுவிடும். ஒரு டெஸ்க்டாப்பின் ஓஇஎம் ப்ரோவை இமேஜ் எடுத்து இன்னொரு ப்ரோ டெஸ்க்டாப்பில் இறக்குங்கள், இரண்டாவது தன் சொந்த டிஜிட்டல் லைசென்ஸில் ஆக்டிவேட் ஆகிவிடும். பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் ஓஇஎம் லைசென்ஸிலும் ரீடெய்ல் லைசென்ஸிலும் இறுதிப் பயனருக்கு இமேஜ் எடுத்துப் பல மெஷினில் இறக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு மெஷினையும் அதனதன் ரெகவரியிலிருந்தோ மீடியாவிலிருந்தோ தனித்தனியாகப் போடவேண்டும் என்பதுதான் விதி.

இமேஜ் உரிமை வால்யூம் லைசென்ஸ் வாடிக்கையாளருக்கு உண்டு. எல்லா மெஷினுக்கும் வால்யூம் வாங்க வேண்டியதில்லை. ஒரு வால்யூம் லைசென்ஸ் இருந்தால் போதும், அந்த வால்யூம் மீடியாவையும் கீயையும் வைத்து ஏற்கெனவே ஓஇஎம் அல்லது ரீடெய்ல் லைசென்ஸ் உள்ள மற்ற மெஷின்களிலும் இறக்கலாம். நிபந்தனை: இறக்கும் பதிப்பும் (ஹோம், ப்ரோ) வெர்ஷனும் (10, 11) மொழியும் அந்த மெஷினின் லைசென்ஸோடு அப்படியே பொருந்த வேண்டும். ப்ரோவுக்கு ப்ரோ. ஹோம் மெஷினில் ப்ரோ இமேஜ் கூடாது.

சிக்கனம்

ஹோம் மெஷினில் வால்யூம் கீ போட்டால் ப்ரோவாக மாறுகிறதே?

பூட்லோடர்

மாறும். அதைத்தான் மேலே சொன்னேன், தொழில்நுட்பம் விட்டுவிடும். வால்யூமில் வழக்கமாக விற்பது அப்கிரேடு லைசென்ஸ்தான், அடியில் தகுதியான ஓஎஸ் ஒன்று இருந்தாக வேண்டும். வணிக நிறுவனங்களுக்கு ஹோம் அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. கல்வித் திட்டங்களில் ஹோமும் சேரும், ஆனால் அது தகுதி பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு. பயிற்சி மையம் என்று பெயர்ப்பலகை இருப்பதால் மட்டும் அதற்குள் வராது. ஓஎஸ் இல்லாத அசெம்பிள்டு மெஷினிலும் இதே கதை: வெறும் அப்கிரேடு லைசென்ஸை வெற்று மெஷின் மேல் போட்டால் கூரை இருக்கிறது, சுவர் இல்லை.

விசைப்பலகை

அசெம்பிள்டு 8க்கு மூன்று வழி.

ஒன்று, ரீடெய்ல் முழு லைசென்ஸ். விலை அதிகம், ஆனால் நாளை மெஷின் போனாலும் லைசென்ஸ் நிற்கும்.

இரண்டு, கடைக்காரர்கள் "ஓஇஎம் டிஎஸ்பி" என்று கொடுப்பது. விலை குறைவு. இது சிஸ்டம் பில்டருக்கானது, மெஷினைக் கட்டி விற்பவர் அதில் போட்டு மெஷினோடு சேர்த்து விற்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு நீங்களே தனியாக வாங்கி ஒட்டுவதற்கு அல்ல. கடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

மூன்று, ஜிஜிடபிள்யூஏ, அதாவது கெட் ஜெனுவின் விண்டோஸ் ஒப்பந்தம். லைசென்ஸ் இல்லாமல் ஓடும் மெஷின்களைச் சட்டப்படி ஒழுங்குபடுத்துவதற்கென்றே உள்ளது. சிஎஸ்பி பார்ட்னரிடம் (மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் விற்க அங்கீகாரம் பெற்றவர்) கேளுங்கள். முன்பு ஓப்பன் லைசென்ஸ் என்ற திட்டத்தில் குறைந்தது 5 எண்ணிக்கை வாங்க வேண்டும் என்று இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அதில் புது விற்பனை இல்லை, சிறு நிறுவனங்களுக்கு இப்போது சிஎஸ்பி வழிதான். ஜிஜிடபிள்யூஏ இருக்கும் மெஷின்களுக்கு மட்டும், அடுத்த வருஷம் ஓஎஸ் இல்லாமல் இன்னும் 5 மெஷின் வாங்கி அதையும் இதில் சேர்க்க முடியாது.

பார்ட்னரிடம் மூன்று விஷயத்தை மெயிலில் எழுதி வாங்குங்கள்: வரும் கீ எந்தச் சேனல், ஆக்டிவேஷன் எண்ணிக்கை எவ்வளவு, மற்ற ஓஇஎம் ப்ரோ மெஷின்களில் இறக்கும் உரிமை இந்த வாங்குதலில் அடங்குமா. வாய்ப்பேச்சில் "எல்லாம் வரும் சார்" என்பார்கள்.

கணக்குப்புள்ளை

ஒரு கேள்வி, தலைப்பை ஒட்டியதுதான். டேலிக்காக ஒரு ப்ரோ மெஷினில் ஆர்டிபி ராப்பர் என்ற மென்பொருள் போட்டு, 10 பேர் ரிமோட்டில் ஒரே நேரத்தில் உள்ளே வருவது நிறைய ஆபீஸில் நடக்கிறது. அப்படிச் செய்தால் 10 மெஷினுக்கு விண்டோஸே வேண்டாமே?

பூட்லோடர்

அது லைசென்ஸ் மீறல். ப்ரோவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். அந்த ராப்பர் அந்தத் தடையைத்தான் உடைக்கிறது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் அது வேலை செய்யாமல் போவதும் இதனால்தான், உள்ளே இருக்கும் கோப்பின் வெர்ஷன் மாறினால் ராப்பரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். முறையாகச் செய்ய விண்டோஸ் சர்வர், அதற்கு ஆள் கணக்கில் அல்லது மெஷின் கணக்கில் கேல் (சர்வரை அணுகும் உரிமம்), அதற்கு மேல் ஆர்டிஎஸ் கேல் (ரிமோட்டில் உள்ளே வரும் உரிமம்). இரண்டு கேலும் தனித்தனி.

டேலி டேட்டாவை ஒரு ப்ரோ மெஷினில் ஷேர் செய்து மற்ற மெஷின்கள் திறப்பது வேறு, அது அனுமதிதான். கோப்புப் பகிர்வு, பிரிண்டர் பகிர்வு ஆகியவற்றுக்கு 20 மெஷின் வரை ப்ரோ லைசென்ஸே இடம் தருகிறது. 21ஆவது மெஷின் இணையும்போது "இனி இணைப்பு ஏற்க முடியாது" என்று வரும். உங்கள் 30 மெஷினில் ஒரே ஷேரை வைத்துப் பாடம் நடத்தினால் கடைசி வரிசை மாணவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். இரண்டு மெஷினில் இரண்டு ஷேராகப் பிரித்துவிடுங்கள், அல்லது சிறிய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் டிஸ்க்) வாங்குங்கள்.

லேப்_பொறுப்பாளர்

அப்படியானால் 12 ஹோம் லேப்டாப்பையும் ப்ரோவாக்கி, மொத்தமாக 26 மெஷினை கேஎம்எஸ்ஸில் கொண்டுவரலாமா? 25 வேண்டும் என்று படித்தேன்.

விசைப்பலகை

ஆம், கிளையண்ட் விண்டோஸுக்கு கேஎம்எஸ் சர்வரிடம் குறைந்தது 25 மெஷின் பதிவாக வேண்டும். அதுவரை ஒன்றுமே ஆக்டிவேட் ஆகாது, 0எக்ஸ்சி004எஃப்038 என்று வந்துகொண்டே இருக்கும். 26 என்பது கத்தி மேல் நடப்பது. இரண்டு லேப்டாப் சர்வீஸுக்குப் போய் ஒரு மாதம் வராவிட்டால் சர்வரின் கணக்கு இறங்கிவிடும். போதாததற்கு இமேஜை சிஸ்பிரெப் (மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யாமல் குளோன் எடுத்தால் எல்லா மெஷினுக்கும் சிஎம்ஐடி (கேஎம்எஸ் சர்வர் மெஷினை அடையாளம் காணும் எண்) ஒன்றாகவே இருக்கும். 26 மெஷின் வந்து நின்றாலும் சர்வர் அதை 1 என்றே எண்ணும். கணக்கு ஏறவில்லை என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான், /டிஎல்வி ஓட்டினால் சிஎம்ஐடி தெரியும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு கேஎம்எஸ் வேண்டாம். எம்ஏகே போதும்.

அதைவிட முக்கியம்: அந்த 12 லேப்டாப்பை ஏன் ப்ரோவாக்க வேண்டும்? டொமைனில் சேர்க்க, குரூப் பாலிசி போட, வெளியிலிருந்து ரிமோட்டில் உள்ளே வர, இவற்றுக்குத்தான் ப்ரோ. டேலியும் தட்டச்சும் சொல்லிக்கொடுக்க ஹோம் போதும். விண்டோஸ் ஹோமை வணிக இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் உடன் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், அதில்தான் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை. இமேஜுக்குப் பதில் விங்கெட் (கட்டளையில் மென்பொருள் போடும் விண்டோஸ் கருவி) ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். பிரவுசர், பிடிஎஃப் ரீடர், 7ஜிப் எல்லாம் ஒரே ஓட்டத்தில் ஏறும். டேலி இன்ஸ்டாலரையும் எழுத்துருக்களையும் பென்டிரைவில் வைத்து அதே ஸ்கிரிப்டில் அழையுங்கள். 12 அப்கிரேடு காசு மிச்சம்.

பூட்லோடர்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வகுப்பு மெஷினில் மாணவர் செட்டிங்ஸை மாற்றாமல் தடுக்க குரூப் பாலிசி இல்லாதது ஹோமில் உண்மையான குறைதான். மாணவருக்கு அட்மின் இல்லாத தனிக் கணக்கு கொடுத்துவிட்டால் முக்கால்வாசி தொல்லை தீரும்.

ஆக கணக்கு இப்படி நிற்கிறது. 12 லேப்டாப்: எதுவும் வாங்க வேண்டாம். 8ஆம் தலைமுறை டெஸ்க்டாப் 6: ப்ரோ ஏற்கெனவே இருக்கிறது, 11க்கு இலவசமாகப் போகும், அந்த ரிச்சி தெரு மூன்றும் எம்எஸ்டிஎம்மில் ப்ரோ கீ இருந்தால் இதில் அடங்கும். அசெம்பிள்டு 8: ஒன்றுக்குக் கையில் இருக்கும் ரீடெய்ல் பாக்ஸ், 7க்கு ஜிஜிடபிள்யூஏ. அந்த 7 வால்யூம் வழியில் வந்தால் 6 + 8 = 14 மெஷினுக்கும் ஒரே ப்ரோ இமேஜ் இறக்கலாம். மீதி பழைய 4.

அசெம்பிள்டு மெஷின்களில் விண்டோஸ் 11 போகுமா என்று வாங்குவதற்கு முன்னால் பாருங்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட், டிஸ்க் ஜிபிடி பிரிவினையில் இருப்பது, இவை வேண்டும். போர்டில் டிபிஎம் இல்லை என்று காட்டினால் பெரும்பாலும் பயாஸில் அணைந்திருக்கும், இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.

பென்குயின்

பழைய 4 பற்றி. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வணிக நிறுவனத்துக்கு இஎஸ்யூ (ஆதரவு முடிந்தபின் காசுக்குத் தரும் பாதுகாப்பு அப்டேட்) முதல் ஆண்டு மெஷினுக்கு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் காசையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டுப் பயனருக்கான இஎஸ்யூவில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு 10 மெஷின் வரை சேர்க்கலாம் என்பதால் சொந்தக் கணக்கில் நுழைந்து மையத்தின் மெஷின்களைச் சேர்க்கலாமே என்று தோன்றும். அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு.

6ஆம் தலைமுறை மெஷினுக்கு இவ்வளவு காசு போடுவது வீண். டெபியனோ உபுண்டுவோ போடுங்கள். எத்தனை மெஷினில் போட்டாலும், எத்தனை முறை இமேஜ் எடுத்தாலும் கேட்க ஆளில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான், தமிழ் உள்ளீடு தயாராகவே வரும். லினக்ஸ் என்றாலே எண்ணிக்கை இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம்: உபுண்டு ப்ரோ தனிநபருக்கு 5 மெஷின் வரைதான் இலவசம், ரெட் ஹேட் மெஷின் கணக்கில் சந்தா. தட்டச்சு, இணையம், லிபர்ஆபீஸ் வகுப்புக்கு அந்த 4ஐ ஒதுக்குங்கள், டேலியை மற்ற மெஷினில் நடத்துங்கள்.

லேப்_பொறுப்பாளர்

14 மெஷின் இமேஜை எப்படி எடுப்பது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? சிஸ்பிரெப் ஒருமுறை பிழையில் நிற்கிறது.

விசைப்பலகை

1. வால்யூம் மீடியாவிலிருந்து ஒரு மெஷினில் புதிதாக இன்ஸ்டால். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினை மூல மெஷினாக எடுக்க வேண்டாம்.
2. நாடு கேட்கும் முதல் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றும் சேர்த்து அழுத்துங்கள். ஆடிட் மோடுக்குப் போகும்.
3. நெட் கேபிளைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் சிஸ்பிரெப் நிற்கிறது. நெட் இருந்தால் ஸ்டோர் ஆப்புகள் அந்த ஒரு பயனருக்கு மட்டும் அப்டேட் ஆகும், "ஒரு பயனருக்குப் போட்ட ஆப் எல்லாருக்கும் இல்லை" என்று சிஸ்பிரெப் மறுக்கும். எந்த ஆப் என்று சிஸ்டம்32க்குள் சிஸ்பிரெப், பேந்தர் ஃபோல்டரில் உள்ள செட்டப்ஆக்ட் லாகில் பெயரோடு இருக்கும். பவர்ஷெல்லில் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.
4. மென்பொருள், எழுத்துரு எல்லாம் போடுங்கள். டேலி லைசென்ஸை மட்டும் இமேஜில் ஆக்டிவேட் செய்ய வேண்டாம், இறக்கியபின் செய்யுங்கள்.
5. டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா பாருங்கள். புது விண்டோஸ் 11 சில மெஷினில் பிட்லாக்கரைக் கேட்காமலே இயக்கும், அப்படி இருந்தாலும் சிஸ்பிரெப் நிற்கும். மேனேஜ்-பிடிஇ கட்டளையில் அணைத்து, முழுக்க டிகிரிப்ட் ஆகும்வரை காத்திருங்கள்.
6. சிஸ்பிரெப் ஓட்டி, ஓஓபிஇ (முதல் அமைப்புத் திரை), ஜெனரலைஸ் (அடையாளங்களை நீக்குவது), ஷட்டவுன் என்று தேர்ந்தெடுங்கள்.
7. வின்பிஇ (பென்டிரைவில் ஓடும் சிறு விண்டோஸ்) பென்டிரைவில் பூட் செய்து டிஸ்ம் கட்டளையில் இமேஜைக் கேப்சர் செய்யுங்கள். நடுவில் மறந்துபோய் அந்த மெஷினையே பூட் செய்தால் ஜெனரலைஸ் வீண், 6லிருந்து மறுபடி.

எம்ஏகே கீயை இமேஜுக்குள் வைக்காதீர்கள், அந்த டபிள்யூஐஎம் கோப்பு (எடுத்த இமேஜ்) யார் கையில் போனாலும் கீயும் போகும். இறக்கியபின் எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே கொடுத்துக் கீயைப் போட்டு, /ஏடிஓ கொடுத்து ஆக்டிவேட் செய்யுங்கள்.

பூட்லோடர்

எம்ஏகேயில் ஒரு எச்சரிக்கை: டிஸ்கை அழித்து மறுபடி இறக்கி ஆக்டிவேட் செய்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அதே மெஷினாக இருந்தாலும் சரி. 14 மெஷினை ஆண்டுக்கு மூன்று முறை புதுப்பித்தால் 42 போய்விடும். மைக்ரோசாஃப்டிடம் கேட்டால் எண்ணிக்கையை உயர்த்துவார்கள், இமேஜ் காரணத்தைச் சொன்னால் போதும். கேட்காமலே சமாளிக்க விஏஎம்டி கருவி உண்டு: முதல் முறை ப்ராக்ஸி ஆக்டிவேஷன் செய்யும்போது ஒவ்வொரு மெஷினின் உறுதி எண்ணையும் சேமித்து வைக்கும், அடுத்த முறை அதே மெஷினில் அதே எண்ணைத் திரும்பப் போடலாம், எண்ணிக்கை குறையாது. ஹார்டுவேர் மாறாமல் இருக்க வேண்டும்.

கணக்குப்புள்ளை

ஒரு எக்செல் தாள் போதும். மெஷின் சீரியல் எண், லைசென்ஸ் வகை, /டிஎல்ஐயில் வந்த சேனல், கீயின் கடைசி ஐந்து எழுத்து, பில் எண், பில் தேதி. முழுக் கீயை அதில் எழுத வேண்டாம். செகண்ட் ஹேண்ட் மூன்றுக்கும் பில்லில் சீரியல் எண் இல்லையென்றால் கடையில் இப்போதே எழுதி வாங்குங்கள்.

லேப்_பொறுப்பாளர்

மூன்றிலும் எம்எஸ்டிஎம் பார்த்தேன். இரண்டில் ப்ரோ கீ இருக்கிறது. ஒன்றில் அந்த அட்டவணையே இல்லை.

விசைப்பலகை

போர்டை வெளியே எங்கோ மாற்றியிருப்பார்கள், அல்லது ஓஎஸ் இல்லாமல் வந்த மாடல். கேபினெட்டில் பழைய ஸ்டிக்கர் இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். அதை அசெம்பிள்டு கணக்கில் சேர்த்து, பார்ட்னரிடம் 7க்குப் பதில் 8 என்று கேளுங்கள். இமேஜ் எண்ணிக்கை 14 அப்படியேதான் இருக்கும்.